நடுவில் இருந்த பெடல்

செத்தவரை மூடியதைவிட அக்கறையாக அந்தக் காரை மூடி வைத்திருந்தார்கள்.

சாம்பல் நிறத் துணி. நான்கு மூலையிலும் கயிறு, ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு பூட்டு. பெல்லாந்தி பட்டறையின் பின்கொட்டகையில் வெளிச்சம் குறைவு. கூரைத் தகரத்தில் பனிநீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. ஒடில்லா வென்தூரி மேல்கோட்டின் பொத்தானைக் கழற்றாமலே நின்றாள். வெளியில் இருந்த குளிரைவிட உள்ளே இருந்த குளிர் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இதைத் திறக்கணும்னா நீதிமன்ற உத்தரவு வேணும், சிஞோரா," என்றார் கொர்ராதோ பெல்லாந்தி. பட்டறையின் முதலாளி. நாற்பது வயது, குட்டையான உருவம், தடித்த குதி வைத்த ஷூ.

"உத்தரவு உங்க கையிலதான் இருக்கு, இன்ஜினியர்," என்றான் லோரிஸ். "தலைகீழா பிடிச்சிருக்கீங்க. அதான் படிக்கக் கஷ்டமா இருக்கு."

ஒடில்லா தனியார் துப்பறிவாளர்; லோரிஸ் அவளுடைய உதவியாளன். ஒரு காலத்தில் மோட்டார் சைக்கிள் மெக்கானிக். வாயை அடக்கத் தெரியாததால் மூன்று பட்டறைகளில் வேலை போனது. ஒடில்லாவிடம் வந்த பிறகும் வாய் அடங்கவில்லை, வேலை மட்டும் போகாமல் இருக்கிறது.

கொர்ராதோ காகிதத்தைத் திருப்பிப் பிடித்தார். பிறகு சாவியை எடுத்தார்.

கொர்ராதோவின் தாத்தா பந்தய வீரர். போருக்குப் பிறகு வந்த வருடங்களில், சொந்தப் பட்டறையில் செய்த சிவப்புக் காரில் மலைப் பந்தயம் ஓடி ஜெயித்தவர். அந்த வெற்றியின் நினைவாகப் பேரன் பத்தொன்பது கார்கள் செய்யத் திட்டமிட்டார். உலகத்தில் பத்தொன்பதே பத்தொன்பது. காரின் புகைப்படம் வெளியாகும் முன்பே எல்லாம் விற்றுப்போயின. அதில் முதல் காரை, வாங்கியவரிடம் ஒப்படைப்பதற்கு முந்தைய நாள், கடைசிச் சோதனைக்காக எடுத்துப் போனவர் லெயார்கோ சனாசி. முப்பது வருடமாக அந்தப் பட்டறையின் டெஸ்ட் டிரைவர். நவம்பர் மூடுபனி. மலைச்சாலையில், பழைய துணி துவைக்கும் கொட்டகையின் கல்சுவரில் போய் மோதினார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் செத்தார்.

பட்டறை ஒரே ஒரு வாக்கியம் வெளியிட்டது. ஓட்டுநர் பெடலை மாற்றி மிதித்துவிட்டார்.

பட்டறையின் முகப்புச் சுவரில், அதன் கார்களுக்காக உயிர்விட்டவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்து மக்கள் அதைக் கடக்கும்போது தொப்பியைத் தொடுவார்கள். லெயார்கோவின் பெயர் அதில் ஏறாது என்று சொல்லிவிட்டார்கள். தன் தவறால் செத்தவருக்கு அதில் இடமில்லை.

மகள் நீவெஸ் ஒடில்லாவைத் தேடி வந்தது அதற்காகத்தான். "பெடல் தெரியாதவர்னு எங்கப்பாவைச் சொல்லிட்டாங்க. அந்த ஒரு வார்த்தையை அவங்களையே திரும்ப வாங்க வைங்க. வேற எதுவும் வேணாம்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா இரிதே, மகளின் கையைப் பிடித்து, "விட்டுடு நீவெஸ்," என்று மட்டும் சொன்னாள். ஒடில்லாவுக்கு அந்தக் குரல் பழக்கமானது. தன் கணவர் ஆமோஸ் இறந்த பிறகு, அவருடைய சவரக் கத்தியை எடுத்து வைக்கட்டுமா என்று கேட்ட தங்கையிடம் அவளும் அதே குரலில்தான் பேசினாள்.

துணி விலகியது.

சிவப்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. ஆனால் இடது பக்கம் முழுக்கக் கசக்கிய காகிதம்போல் கிடந்தது. இடது கதவு இல்லை, வெட்டி எடுத்திருந்தார்கள். வலது பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. யாரோ பாதிக் காரை மட்டும் கொன்றதுபோல் இருந்தது.

"அதுக்கப்புறம் யாராவது தொட்டாங்களா?" என்றாள் ஒடில்லா.

"யாரும் தொடலை. மூடுபனியில லாரியில ஏத்திக் கொண்டுவந்து அப்படியே மூடினோம். பார்க்காம இருங்கன்னு வக்கீல் சொன்னார்."

"ஏன்?"

"பார்த்தா ஏதாவது தெரிஞ்சுடும்," என்றான் லோரிஸ்.

கொர்ராதோ அவனை முறைத்தார். ஒடில்லா குனிந்து வலது பக்கச் சீட்டின் முன்னால் பார்த்தாள். மூன்று பெடல்கள். மேலே, ஸ்டியரிங் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தண்டு நீட்டிக்கொண்டிருந்தது.

"ஸ்டியரிங் வலது பக்கமா?"

"தாத்தாவோட கார் அப்படித்தான். அந்தக் காலத்துப் பந்தயக் கார் எல்லாமே வலது பக்கம். இங்க தெருவுல ஓடுற கார் எல்லாத்துலயும் ஸ்டியரிங் இடது பக்கம்னாலும் நாங்க மாத்தலை. பெடலும் தாத்தா கார் மாதிரியேதான். இடது ஓரம் கிளட்ச். நடுவுல ஆக்ஸிலேட்டர். வலது ஓரம் பிரேக்." கொர்ராதோவின் குரலில் அவரையும் மீறி ஒரு பெருமிதம் வந்தது. "சாதாரண கார்ல நடுவுல இருக்கறது பிரேக். அவசரத்துல லெயார்கோவோட கால் அங்கதான் போயிருக்கு. பிரேக்னு நினைச்சு ஆக்ஸிலேட்டரை மிதிச்சுட்டார். ரோட்டுல டயர் தேய்ஞ்ச தடமே இல்ல. நேரா வேகமா போயிருக்கு."

"உங்க தாத்தா காலத்துக் கார்களைக் கண்காட்சியில ஓட்டிக் காட்டுவீங்களே, அதை யார் ஓட்டுவாங்க?"

கொர்ராதோ சாவியைப் பைக்குள் போட்டார். "லெயார்கோதான்."

"முப்பது வருஷமா?"

"மனுஷன்தானே, சிஞோரா. யாருக்கும் ஒரு நாள் தவறும்."

"ஸ்டியரிங் எங்க?"

"திருட்டு. பந்தயக் கார் மாதிரி கழட்டி மாட்டற ஸ்டியரிங். அதைக் கழட்டினாத்தான் இறங்கவே முடியும். விபத்து நடந்த இடத்துல எவனோ ஞாபகார்த்தமா கொண்டுபோயிட்டான். இந்தக் காலத்துல எதைத்தான் விடறாங்க."

ஒடில்லா நிமிர்ந்தாள். "லோரிஸ், உள்ள உட்காரு."

"நானா? இதுல உட்கார ஆசைப்பட்டா ஏழு வருஷம் காத்திருக்கணும்னு பேப்பர்ல போட்டிருந்தாங்களே."

"உனக்கு வரிசை வந்துடுச்சு."

லோரிஸ் நெட்டையன். நீவெஸ் அவனை முதலில் பார்த்தபோது பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டாள். "அப்பா இந்த உயரம்தான்," என்று பிறகு சொன்னாள். அவன் இப்போது தலையைக் குனிந்து, இடுப்பை மடக்கி, முதுகைச் சீட்டில் பதிக்கப் பார்த்தான். முடியவில்லை. முழங்கால் இரண்டும் தாடைக்குக் கீழே வந்து நின்றன.

"இந்தக் காரை ஓட்டணும்னா முழங்காலை வீட்ல வச்சுட்டு வரணும்."

"சீட்டைப் பின்னால தள்ளு."

"நகரலை மேடம்."

"சீட் நகராது," என்றார் கொர்ராதோ. "சீட்டும் கார் உடம்பும் ஒரே வார்ப்பு. ஆளுக்குத் தக்கபடி பெடல்கள்தான் முன்னால பின்னால நகரும்."

"அப்போ பெடலைத் தள்ளு."

லோரிஸ் குனிந்து இழுத்தான். உதைத்தான். "மோதினதுல பெடல் நகர்ற தண்டவாளம் நெளிஞ்சு கவ்விக்கிச்சு. ஒரு நூல்கூட அசையாது."

"அதாவது மோதின நேரத்துல பெடல் எங்க இருந்ததோ அங்கயேதான் இப்பவும் இருக்கு."

கொட்டகையில் பனிநீர் சொட்டியது. கொர்ராதோ பெடல்களைப் பார்த்தார், லோரிஸின் முழங்காலைப் பார்த்தார்.

"இது... யாரோ பிறகு நகர்த்தியிருக்கணும்."

"நகராததையா?" என்றாள் ஒடில்லா.

"சிஞோரா, எனக்கு ஓட்டக் கத்துக்கொடுத்ததே அவர்தான்." கொர்ராதோவின் குரல் தணிந்தது. "அவர்மேல எனக்கு என்ன பகை? அவர் தப்பு பண்ணலைன்னா கார் தப்பு பண்ணிச்சுன்னு ஆகும். இன்னும் பதினெட்டு பேர் காத்திருக்காங்க. இந்தப் பட்டறையில வேலை பார்க்கறவங்க குடும்பம் எத்தனைன்னு தெரியுமா உங்களுக்கு?"

"அதனால ஒரு குடும்பத்தோட பேரை எடுத்துக்கிட்டீங்க."

லோரிஸ் இறங்கியதும் கொர்ராதோ துணியை இழுத்துக் காரை மூடினார். வெளியே வரும்வரை லோரிஸ் பொறுத்துக்கொண்டான்.

"குதி வச்ச ஷூ போட்டும் என் தோளுக்குத்தான் வர்றார். அந்தப் பெடல் தூரம் அவருக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கும். நான் பந்தயம் கட்டறேன்."

"வண்டியை எடு. முதல்ல தீயணைப்பு நிலையம்."

*

தீயணைப்பு நிலையத்துக்கு எதிரில் இருந்த மதுக்கடையில் எர்மெஸ் சீட்டாடிக்கொண்டிருந்தார். கனத்த மீசை, கனத்த கை. லெயார்கோவைக் காரிலிருந்து வெளியே எடுத்த குழுவுக்கு அவர்தான் தலைவர். தட்டில் பொரித்த ரொட்டியும் சலாமி இறைச்சியும் இருந்தன. லெயார்கோ என்ற பெயரைக் கேட்டதும் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். எதிரே இருந்தவர் உடனே அவற்றை எட்டிப் பார்க்க முயன்றார்.

"கையை எடுடா," என்றார் எர்மெஸ் திரும்பாமலே. பிறகு ஒடில்லாவிடம், "என்னத்தைச் சொல்ல, சிஞோரா. கை நீட்டினா கை தெரியாத பனி. விளக்கு வச்சாலும் வெள்ளைச் சுவர்தான் தெரிஞ்சுது. நாங்க போனப்ப உயிர் இருந்துச்சு."

"உங்களுக்குத் தகவல் சொன்னது யாரு?"

"அவரேதான். போன்ல. குரல் தெளிவா இருந்துச்சாம்."

"எப்படி வெளிய எடுத்தீங்க?"

"கதவை வெட்டித்தான். இடது பக்கம் முழுக்க உள்ள போயிருந்துச்சு. கால் ரெண்டும் மாட்டிக்கிச்சு. அவர் உட்கார்ந்திருந்த பக்கம்தான் மொத்த அடியும்."

லோரிஸ் வாயில் போட்ட ரொட்டியை மெல்லாமல் நிறுத்தினான். ஒடில்லா அவன் காலை மேஜைக்கு அடியில் அழுத்தினாள்.

"அவர் இடது பக்கம் உட்கார்ந்திருந்தாரா?"

"டிரைவர் வேற எந்தப் பக்கம் உட்காருவார்?" எர்மெஸ் சிரிக்கப் போனார். சிரிப்பு பாதியில் நின்றது. அவள் முகம் அதற்கு இடம் தரவில்லை.

"ஸ்டியரிங் பார்த்தீங்களா?"

"எல்லாம் நொறுங்கிக் கிடந்துச்சு. ஸ்டியரிங் எங்கயும் இல்ல. தெறிச்சுப் போயிருக்கும்னு நினைச்சோம். நாங்க ஆளைத்தான் தேடினோம், ஸ்டியரிங்கை இல்ல."

"வலது பக்கக் கதவு?"

"லேசா திறந்திருந்துச்சு. மோதின வேகத்துல திறந்திருக்கும்."

"அவர் ஏதாவது பேசினாரா?"

எர்மெஸ் மீசையைத் தடவினார். "பேசினார். அதுதான் எனக்கு இன்னும் காதுல இருக்கு. திரும்பத் திரும்ப ஒரே பேச்சு. 'நான்தான் ஓட்டினேன். நான் மட்டும்தான் இருந்தேன்.' ஆம்புலன்ஸ்ல ஏத்தறவரைக்கும் அதேதான். பாவம், மனசாட்சி உள்ள மனுஷன். பழியை வேற யார்மேலயும் போடலை."

"நீங்க என்ன கேட்டீங்க?"

"நாங்க எங்க கேட்டோம்? பேசாதீங்க, மூச்சை இழுத்து விடுங்கன்னுதான் சொன்னோம்."

"யார் ஓட்டினதுன்னு யாராவது கேட்டீங்களா?"

"எதுக்குக் கேக்கணும்? உள்ள ஒரே ஆள்தானே?"

ஒடில்லா கோப்பையைக் கீழே வைத்தாள். "அதான். யாரும் கேக்காததுக்கு அவர் ஏன் பதில் சொன்னார்?"

எர்மெஸ் கவிழ்த்து வைத்த சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே இருந்தவர்கூட அவற்றை எட்டிப் பார்க்க மறந்துவிட்டார்.

தெருவில் லோரிஸ் இரண்டு எட்டில் வண்டியை அடைந்தான். பனி இன்னும் முழுதாக விலகவில்லை. தெருவிளக்குகள் பகலிலும் எரிந்தன.

"பட்டறைக்காரங்களுக்கு அந்தக் காரோட ஸ்டியரிங் வலது பக்கம்னு தெரியும். ஆனா அவர் எந்தப் பக்கம் கிடந்தார்னு யாரும் கேக்கலை. இவங்களுக்கு அவர் இடது பக்கம் கிடந்தார்னு தெரியும். ஆனா ஸ்டியரிங் எந்தப் பக்கம்னு தெரியாது. நடுவுல பத்து நிமிஷ தூரம்தான். ஒரு காபிக்குச் சேர்ந்து உட்கார்ந்திருந்தாப் போதும்."

"அவங்க சேர்ந்து காபி குடிச்சா நமக்கு வேலை இல்ல," என்றாள் ஒடில்லா.

"லெயார்கோ ஓட்டலை. பக்கத்துல உட்கார்ந்திருந்தார். ஓட்டினவன் ஸ்டியரிங்கைக் கழட்டிட்டு, அடிபடாத பக்கத்துக் கதவைத் திறந்து, நடந்து போயிட்டான். குட்டையான ஆள். பழைய பெடல் பழக்கம் இல்லாத ஆள். அவர் காப்பாத்த நினைச்ச ஆள். கொர்ராதோ. முடிஞ்சுது கதை. சாப்பிடப் போகலாமா?"

"அந்தக் கடைசிப் பேரைத் தவிர எல்லாம் சரி."

"கொர்ராதோவுக்கு என்ன குறை?"

ஒடில்லா கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். "முதலாளிக்காகப் பொய் சொல்றவங்க இருக்காங்க லோரிஸ். நிறைய பேர். ஆனா சம்பளம் வாங்கற காலத்துலதான் சொல்வாங்க. கால் ரெண்டும் நசுங்கி, கடைசி மூச்சை எண்ணிக்கிட்டு இருக்கறப்ப யாரும் முதலாளிக்காகப் பொய் சொல்ல மாட்டாங்க."

"வேற யாருக்காகச் சொல்வாங்க?"

அவளுக்கு ஒரு பதில் ஏற்கெனவே தோன்றியிருந்தது. அது தவறாக இருக்க வேண்டும் என்றுதான் விரும்பினாள்.

"கார் மோதின சுவரைப் பார்த்துட்டு வரலாம்," என்றாள்.

*

துவைக்கும் கொட்டகையின் சுவரில் சிவப்புப் பூச்சு இன்னும் ஒட்டியிருந்தது. கீழே வெள்ளைச் செவ்வந்திப் பூக்கள். பக்கத்தில் இரிதே நின்றுகொண்டிருந்தாள். கறுப்புக் கோட்டு, கையில் வெற்றுக் காகிதச் சுருள். ஐந்தடிகூட இருக்க மாட்டாள்.

"பஸ் இன்னிக்கு வராதாம்," என்றாள். அவர்களைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"ஏறுங்க சிஞோரா, வீட்ல விடறோம்," என்றான் லோரிஸ். முன்கதவைத் திறந்துவிட்டான். "முன்னால உட்காருங்க. மேடம் பின்னால உட்காரட்டும். முன்னால உட்கார்ந்தா சும்மா இருக்க மாட்டாங்க. இல்லாத பிரேக்கை மிதிச்சு மிதிச்சு அந்தப் பக்கம் கால்விரிப்பு ஓட்டையாயிடுச்சு."

"என் கணவரும் அப்படித்தான்," என்றாள் இரிதே. "நான் ஓட்டினா வலது காலை ஊனிக்கிட்டேதான் வருவார்." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

இறக்கம். வளைவு. ஆலிவ் நிற டிராக்டர் ஒன்று எந்த அறிவிப்பும் இல்லாமல் வயல்பாதையிலிருந்து பனிக்குள் நீண்டது. லோரிஸ் பிரேக்கில் எழுந்து நிற்காத குறை. வண்டி தேய்த்துக்கொண்டு போய், டிராக்டரின் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

டிராக்டர்காரர் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

"காலை வணக்கம் சொல்றார்," என்றான் லோரிஸ் மூச்சு வாங்கியபடி. "மத்தியானம் ஆயிடுச்சுன்னு யாராவது சொல்லுங்க."

ஒடில்லாவின் வலது கால் முன்சீட்டின் முதுகை உதைத்தபடி விறைத்திருந்தது. பயந்தால் எல்லாருடைய காலும் தரையைத்தான் தேடும். பிரேக் இல்லாத இடத்திலும் பிரேக்கைத்தான் மிதிக்கும்.

இரிதேயின் கால்கள் தரையில் இல்லை. இரண்டையும் தூக்கிச் சீட்டின்மேல் மடக்கி, முழங்கால்களை இரு கையாலும் மார்போடு கட்டிக்கொண்டிருந்தாள். கொதிக்கும் தண்ணீர் தரையில் ஓடியதைப் பார்த்தவள்போல. எதையும் மிதித்துவிடக் கூடாது என்று.

வண்டி மறுபடி கிளம்பி வெகுநேரம் கழித்துத்தான் அவள் கால்களை இறக்கினாள். கண்ணாடியில் லோரிஸின் கண்கள் ஒடில்லாவின் கண்களைத் தேடின. அதற்குப் பிறகு வீடு வரும்வரை அவன் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

*

சமையலறையில் ஆளுக்கொரு நாற்காலி. சுவரோரம் நான்காவது நாற்காலி, அதன் முதுகில் ஓர் ஆணின் கம்பளிச் சட்டை. இரிதே அடுப்பில் காபியை ஏற்றினாள். பற்றவைக்க மறந்துவிட்டாள்.

"பெடல்களைப் பார்த்தோம், இரிதே," என்றாள் ஒடில்லா. "தீயணைப்பு வீரரையும் பார்த்தோம். அவர் இடது பக்கச் சீட்ல இருந்தார்."

இரிதே திரும்பவில்லை.

"நான் உங்க மகளுக்காக வந்தவ. அவகிட்ட ஒரு பதில் கொடுத்தாகணும். அதை உங்ககிட்டேர்ந்து கேக்கணும்னு நினைக்கறேன்."

இரிதே வெளியே போனாள். துணி அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, ஒரு துண்டில் சுற்றியதை மேஜைமேல் வைத்துப் பிரித்தாள். சிறிய, தோல் தைத்த ஸ்டியரிங் சக்கரம். நடுவில் பெல்லாந்தியின் முத்திரை.

"எதுக்குக் கொண்டுவந்தேன்னு தெரியலை," என்றாள். "வீட்டுக்கு வந்து விளக்கு போட்டப்பதான் கையில இருக்கறதே தெரிஞ்சுது."

அவள் உட்கார்ந்தாள். குரல் சீராக இருந்தது. பலமுறை தனியாகச் சொல்லிப் பார்த்த குரல்.

"புதுக் காரோட முதல் வண்டியை, கடைசிச் சோதனை அன்னிக்கு, டிரைவர் தன் வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவார். பட்டறைக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பாங்க. பொண்டாட்டியை ஏத்திக்கிட்டு ஒரு சுத்து. அவங்க சம்பிரதாயம். எல்லா வண்டியிலயும் நான் போயிருக்கேன். வாங்கினவனுக்கு முன்னால இரிதே போயிட்டான்னு சொல்லிச் சிரிப்பார். அடுத்த மாசம் ஓய்வு. இதுதான் கடைசி வண்டி. மேல ஏறினதும் நிறுத்தினார். 'ஆயுசு பூரா பக்கத்துலயே உட்கார்ந்துட்ட. இதை நீ ஓட்டு'ன்னார். நான் மாட்டேன்னேன். பெடலை அவரே எனக்கு இழுத்து வச்சார். நடுவுல ஆக்ஸிலேட்டர், ஓரத்துல பிரேக், மறந்துடாதேன்னு மூணு தடவை சொல்ல வச்சார். நல்லாத்தான் ஓட்டினேன். மெதுவா. அவர் பாட்டுப் பாடிக்கிட்டு வந்தார்."

தெருக்கதவு திறந்தது. ஒடில்லா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நடை தெரிந்தது. வேலையிலிருந்து வந்த நீவெஸ், ஒரு கையில் சாவியோடு அசையாமல் நின்றாள். இரிதேயின் முதுகு அந்தப் பக்கம். ஒடில்லா ஒரு கணம் வாயைத் திறந்தாள். கையை உயர்த்தினால் போதும், பேச்சு நின்றுவிடும். அவள் கையை உயர்த்தவில்லை.

"பனிக்குள்ளேர்ந்து ஒரு மான். கால் தானாப் போச்சு. நாற்பது வருஷமா எங்க போச்சோ அங்கயே போச்சு. வண்டி நிக்கலையேன்னு இன்னும் அழுத்தினேன். நிக்கலையேன்னு இன்னும்." இரிதே தன் வலது முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் ஆகலை. ஒரு கீறல் இல்ல. அவர் என்னைப் பார்த்தார். திட்டலை. 'ஸ்டியரிங்கைக் கழட்டு. அந்தக் கதவைத் திற. வயல் வழியா வீட்டுக்குப் போ. நீ இங்க வரவே இல்ல'ன்னார். நான் அழுதேன். 'போன் பண்ணிட்டேன், ஆள் வந்துக்கிட்டு இருக்கு, எனக்குக் கால் மட்டும்தான், சீக்கிரம் போ'ன்னார். போயிட்டேன். பாதி வயல்ல இருக்கறப்ப சைரன் கேட்டுச்சு. பொழைச்சுடுவார்னு நினைச்சேன்."

"பெடலை மாத்தி மிதிச்சார்னு அவங்க சொன்னப்ப?"

"அது நான்தானேன்னு கத்தணும்னு இருக்கும். ஒவ்வொரு நாளும். நீவெஸ் முகத்தைப் பார்ப்பேன். அப்பா போயாச்சு. அம்மாவையும் ஜெயிலுக்கு அனுப்பணுமான்னு நினைச்சு வாயை மூடிக்குவேன். அவர் கேட்டதும் அதைத்தானே." அவள் ஸ்டியரிங்கைத் துண்டால் மூடினாள். "போதும். நாளைக்குக் காலையில போலீஸுக்குப் போறேன். நீங்க கொர்ராதோகிட்டப் போங்க. அந்தச் சுவர்ல பேரை வெட்டச் சொல்லுங்க. அவருக்கு எல்லாப் பெடலும் தெரியும்னு சொல்லுங்க."

லோரிஸ் மெதுவாக எழுந்தான். அப்போதுதான் இரிதே திரும்பிப் பார்த்தாள்.

நீவெஸ் சமையலறைக்குள் வந்தாள். மேஜைமேல் இருந்த துண்டைப் பார்க்கவில்லை. அம்மாவை மட்டும் பார்த்தாள். ஒடில்லா எத்தனையோ வீடுகளில் இந்த நிமிடத்தைப் பார்த்திருக்கிறாள். முதலில் கத்துவார்கள், இல்லையென்றால் பொருளை எறிவார்கள். நீவெஸ் இரண்டும் செய்யவில்லை.

"எவ்வளவு நேரம்?"

"என்ன?"

"நீ போனதுக்கும் சைரனுக்கும் நடுவுல. அந்த நேரம் பூரா அப்பா தனியாவா இருந்தார்?"

இரிதே ஆமென்று தலையசைத்தாள்.

"நீ ஓட்டினது இருக்கட்டும். அது யாருக்கும் நடக்கும்." நீவெஸ் ஓர் எட்டு முன்னால் வந்தாள். "கால் நசுங்கிக் கிடந்த மனுஷன் போன்னு சொன்னா, போயிடுவியாம்மா?"

இரிதே நாற்காலியின் முதுகில் கிடந்த கம்பளிச் சட்டையின் கையை நேராக இழுத்துவிட்டாள்.

"கல்யாணம் ஆன நாளிலேர்ந்து அவர் சொல்லி நான் எதையும் கேட்டதில்ல நீவெஸ்," என்றாள். "அன்னிக்கு ஒரு நாள்தான் கேட்டேன்."